அஞ்சா நெஞ்சத்து நாடியா

வீரம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஆண்மகனே. வாளேந்தியவரும் குதிரை மேல் வருபவரும் மீசை முறுக்கிய ஆடவராகவே நம் கற்பனையில் காட்சி தருகின்றனர். ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது. நமக்கு அண்மையிலுள்ள சிவகங்கைச் சீமையிலே, கணவரை இழந்த பின்னும் கலங்காமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1780-இல் தம் நாட்டை மீட்டவர் வேலு நாச்சியார். சிலம்பமும் வாள் வீச்சும் குதிரையேற்றமும் அவர் சிறு வயதிலேயே பயின்ற கலைகள். ஆகவே பெண்ணுக்கும் வீரத்துக்கும் உறவில்லை என்று எவரேனும் கூறினால், அவர் நம் மண்ணின் கதையை அறியாதவர் என்றே நாம் கொள்ள வேண்டும்.

இன்று கராத்தே, குங்பூ போன்ற கலைகளில் பட்டம் வென்ற பெண்கள் திரைப்படங்களில் தோன்றிச் சண்டைக் காட்சிகளில் நடிப்பது உலகெங்கும் வழக்கமாகி விட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த சிந்தியா ராத்ராக் கராத்தே போட்டிகளில் பல பட்டங்களைப் பெற்ற பின்னர், 1985-இல் ஆங்காங் படமொன்றில் நடித்துப் புகழ் பெற்றார். ஆனால் அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் பாரத நாட்டில் ஒரு பெண் திரையில் சாட்டை சுழற்றினார். ஓடும் ரயிலின் கூரை மேல் நின்று சண்டையிட்டார். தம்மைவிடப் பெரிய ஆடவரைத் தோளில் தூக்கி எறிந்தார். அவர் போட்டிகளில் பட்டம் வென்றவர் அல்லர். வாழ்க்கையே அவருக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது. அவர்தாம் 'அஞ்சாத நாடியா' என்று நாடெங்கும் போற்றப்பட்ட மேரி ஆன் இவான்ஸ். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் தங்கையருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

மேரி ஆன் இவான்ஸ் 1908-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் இவான்ஸ் பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர், ஸ்காட்லாந்து நாட்டவர். தாயார் மார்கரெட் கிரேக்க வழியினர். தந்தையின் படைப்பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதால், மேரி சிறுமியாக இருந்தபோதே குடும்பம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

அந்தக் குடும்பத்தின் இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டது. 1915-இல் தந்தை ஜெர்மானியருடன் நடந்த போரில் உயிர் துறந்தார். அப்போது மேரிக்கு ஏழு வயது. அன்னிய நாட்டில், சுற்றமும் உற்றமும் இல்லாத இடத்தில், ஒரு தாயும் ஒரு சிறுமியும் தனித்து விடப்பட்டனர். குடும்பத் தலைவரை இழந்த வீட்டின் நிலை எத்தகையது என்பதை நம்மில் சிலர் சொந்த வாழ்விலேயே அறிந்திருக்கின்றோம். அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பின்னர் தாயும் மகளும் வடமேற்கு எல்லைப்புறத்திலுள்ள பெஷாவர் நகருக்குச் சென்று வாழ்ந்தனர். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. மலையும் கணவாயும் குதிரைகளும் நிறைந்த அந்த எல்லைப்புற வாழ்க்கை மேரிக்கு ஒரு புதிய பள்ளியாக அமைந்தது. அங்கே அவர் குதிரையேற்றம் கற்றார். துப்பாக்கி சுடவும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் பழகினார். பிற்காலத்தில் திரையில் அவர் குதிரை மேல் பாய்ந்து வந்ததைக் கண்டு வியந்தவர்கள் பலர். அந்தத் திறமை படப்பிடிப்புக் கூடத்தில் ஒரே நாளில் வந்ததன்று. பதின்பருவத்தில் பெஷாவரின் புழுதியில் விழுந்து எழுந்து கற்றது அது.

பிழைப்புக்காகப் பட்ட பாடு

1928-இல் மேரி தம் தாயாருடனும் ராபர்ட் என்னும் சின்னஞ்சிறு மகனுடனும் பம்பாய்க்குத் திரும்பினார். இருபது வயதிலேயே ஒரு குழந்தையையும் தாயையும் காக்க வேண்டிய பொறுப்பு அவர் தோள் மேல் விழுந்தது. கடையொன்றில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றால் அலுவலகத்தில் நல்ல வேலை கிடைக்கும் என்று எண்ணி, அதற்கும் முயன்றார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தட்டச்சு கற்று ஒரு வேலையில் அமர வேண்டும் என்று விரும்பிய எளிய பெண்தான் அவர். நாடறிந்த நடிகையாக வேண்டும் என்று கனவு கண்டு அவர் புறப்படவில்லை. கண்முன் வந்த வழியில் உழைத்துக் கொண்டே போனார். ஒவ்வொரு வேலையிலும் ஒன்றைக் கற்றுக் கொண்டார்.

அக்காலத்தில் பம்பாயில் அஸ்ட்ரோவா என்னும் ரஷ்ய அம்மையார் பாலே நடனம் கற்பித்து வந்தார். மேரி உடல் பருமனானவர். ஆயினும் அந்த அம்மையாரிடம் சேர்ந்து விடாமுயற்சியுடன் பயின்றார். பாலே என்பது விரல் நுனியில் நின்று ஆடும் மென்மையான நடனம் மட்டுமன்று. உடலின் எடையை எந்தக் காலில் தாங்குவது, குதித்தபின் முழங்காலை எவ்வாறு மடக்கி இறங்குவது என்பனவெல்லாம் அதில் அடங்கும். நம் சிலம்ப ஆசான்கள் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி வரிசையைப் பழக்குகிறார்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். மேரி விரைவில் கைகளை ஊன்றிச் சக்கரம் போல் சுழலவும், கால்களை முழுவதும் விரித்துத் தரையில் அமரவும் வல்லவரானார்.

அஸ்ட்ரோவாவின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று படை முகாம்களிலும் அரண்மனைகளிலும் ஆடினார். பின்னர் 1930-இல் ஜார்கோ சர்க்கஸில் சேர்ந்தார். ஆர்மீனியச் சோதிடர் ஒருவர் ஆங்கில எழுத்தான 'என்' என்பதில் தொடங்கும் பெயரை வைத்துக் கொள்ளுமாறு கூற, அவர் நாடியா என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. சோதிடம் பலித்ததோ இல்லையோ, அதற்குப் பின் அவர் உழைத்த உழைப்பு பலித்தது என்பதில் ஐயமில்லை.

வாடியா சகோதரர்கள்

பம்பாயில் பார்சி வகுப்பைச் சேர்ந்த வாடியா குடும்பம் பரம்பரையாகக் கப்பல் கட்டுவதில் புகழ் பெற்றது. அந்தக் குடும்பத்தில் தோன்றிய ஜாம்ஷெட் வாடியா, ஹோமி வாடியா என்னும் சகோதரர் இருவரும் கப்பலை விட்டுவிட்டுச் சினிமாவைப் பிடித்தனர். மூத்தவர் ஜாம்ஷெட் சட்டம் பயின்ற அறிஞர். நாட்டுப் பற்று மிக்கவர். இளையவர் ஹோமி படம் எடுக்கும் நுட்பத்தில் வல்லவர். 1933-இல் இவர்கள் 'வாடியா மூவிடோன்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

லாகூரில் திரையரங்கு மேலாளராக இருந்த ஒருவரின் மூலம் நாடியா இவர்களுக்கு அறிமுகமானார். பொன்னிறத் தலைமுடியும் நீல விழிகளும் உடைய வெள்ளைக்காரப் பெண்மணி. இந்தியும் சரளமாக வராது. இவரை இந்தியப் படத்தில் எவ்வாறு நடிக்க வைப்பது என்ற தயக்கம் ஜாம்ஷெட்டுக்கு இருந்தது. நந்தா தேவி என்று பெயர் மாற்றி, கருங்கூந்தல் டோப்பா ஒன்றை அணிந்து கொள்ளுமாறு அவர் யோசனை கூறினார். நாடியா இதற்கு உடன்படவில்லை. தாம் யாரோ அவராகவே திரையில் தோன்றுவதாகத் தெரிவித்து விட்டார். வேலை தேடி வந்த ஒரு பெண், வேலை கொடுப்பவர் முன் நின்று இவ்வாறு மறுப்பது எளிதான செயலன்று. அவர் பிற்காலத்தில் செய்த எத்தனையோ சாகசங்களுக்கு இதுவே முதற்படி என்று நமக்குத் தோன்றுகின்றது. அவருடைய உறுதியே ஜாம்ஷெட்டைக் கவர்ந்தது. இந்தி உச்சரிப்பில் பயிற்சி பெற ஏற்பாடாயிற்று.

முதலில் 1935-இல் வெளிவந்த 'தேஷ் தீபக்', 'நூரே யமன்' என்னும் இரு படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. மக்கள் அவரை விரும்பிப் பார்ப்பதைக் கண்டதும், அவரையே தலைவியாக வைத்து ஒரு படம் எடுக்க வாடியா சகோதரர்கள் துணிந்தனர்.

சாட்டை ஏந்திய இளவரசி

அந்தப் படமே 'ஹண்டர்வாலி'. சாட்டைக்காரி என்பது அதன் பொருள். கொடிய மந்திரி ஒருவன் அரசரைச் சிறைப்படுத்தி நாட்டை வதைக்கிறான். அரசகுமாரி மாதுரி முகமூடி அணிந்து, சாட்டை ஏந்தி, குதிரை மீதேறி ஏழைகளைக் காக்கவும் கொடியவரைத் தண்டிக்கவும் புறப்படுகிறாள். மாதுரியாக நடித்தவர் நாடியா. ஹோமி வாடியா படத்தை இயக்கினார்.

அந்நாளில் இப்படத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று. ஆனால் படம் முடிந்த பின் அதை வாங்கி வெளியிட விநியோகஸ்தர் எவரும் முன்வரவில்லை. கதாநாயகி என்றால் கண்ணீர் வடிக்க வேண்டும், நாயகன் வந்து காப்பாற்ற வேண்டும் என்றிருந்த காலம் அது. ஒரு பெண்ணே ஆண்களை அடித்து வீழ்த்துவதை, அதிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் அவ்வாறு செய்வதை, மக்கள் ஏற்பார்களா என்று அனைவரும் அஞ்சினர். வேறு வழியின்றி வாடியா சகோதரர்களும் அவர்களுடைய பங்காளியும் தங்கள் கைப்பணத்தைத் திரட்டி, 1935-இல் பம்பாய் கிராண்ட் ரோடிலுள்ள சூப்பர் சினிமாவில் தாங்களே படத்தை வெளியிட்டனர்.

நடந்தது யாரும் எதிர்பாராதது. படம் இருபத்தைந்து வாரங்களுக்கும் மேலாக ஓடிற்று. ஒரு படத்தால் ஒரு நிறுவனமே நிமிர்ந்தது. சாட்டை, இடுப்பு வார், தீப்பெட்டி என்று கடைத்தெருவில் ஹண்டர்வாலியின் பெயர் தாங்கிய பொருள்கள் விற்பனையாயின. அதுமுதல் அவர் பெயருக்கு முன் 'அஞ்சாத' என்னும் பட்டமும் ஒட்டிக் கொண்டது.

ரயிலின் மேலே ஒரு போர்

அடுத்த ஆண்டு, 1936-இல், 'மிஸ் பிராண்டியர் மெயில்' வெளிவந்தது. நாயகி சவிதாவின் தந்தை ரயில் நிலைய அதிகாரி. செய்யாத கொலையின் பழி அவர் மேல் விழுகிறது. 'சிக்னல் எக்ஸ்' என்னும் முகமூடிக் கொடியவன் ரயில்வேக்கு நாசம் விளைவிக்கச் சதி செய்கிறான். சவிதா துப்பறிந்து சதியை முறியடித்துத் தந்தையின் களங்கத்தைத் துடைக்கிறாள். இப்படத்தில் நாடியா ஓடும் ரயிலின் கூரை மேல் நின்று பல ஆடவருடன் சண்டையிடும் காட்சி இன்றளவும் பேசப்படுகின்றது.

ஓடும் ரயிலின் கூரையில் நிற்பது எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். அகலப்பாதையாகி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் மீண்டும் வந்த நம் மதுரை ரயிலில் உள்ளே உட்கார்ந்து செல்லும்போதே, வளைவில் வண்டி சாய்ந்தால் நாம் கம்பியைப் பற்றிக் கொள்கின்றோம். நாடியாவோ பற்றுவதற்கு ஒன்றுமில்லாத கூரையின் மேல், காற்று முகத்தில் அறைய, எதிரே வருபவரைத் தூக்கித் தோளில் சுமந்து நின்றார். இன்றுள்ள கணினி வித்தைகள் அன்று இல்லை. தமக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தாமல் ஆபத்தான காட்சிகளில் தாமே நடித்தார். (இதைப் படித்துவிட்டு எவரும் ரயிலின் படிக்கட்டில்கூட நிற்கலாகாது என்று நம் தங்கையருக்குச் சொல்லி வைக்கின்றோம்!)

'ஹரிக்கேன் ஹன்ஸா' 1937-இலும், 'லுடாரு லலனா' 1938-இலும், 'பஞ்சாப் மெயில்' 1939-இலும் வந்தன. அவருடைய படங்களில் அவர் ஏறிவரும் குதிரையும், ஒரு நாயும், ஒரு பழைய மோட்டார் வண்டியும்கூட ரசிகர்களுக்குப் பழக்கமான பாத்திரங்களாயின. குதிரைக்குப் 'பஞ்சாப் கா பேட்டா', அதாவது பஞ்சாபின் மகன் என்று பெயர். 1942-இல் வந்த 'ஜங்கிள் பிரின்சஸ்' படத்தில் சிங்கங்களுடனும் நடித்தார். கட்டுமஸ்தான உடல் வாய்ந்த ஜான் காவஸ் பல படங்களில் அவருக்கு இணையாக நடித்தார்.

1940-இல் வந்த 'டயமண்ட் குயின்' படத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். சண்டைப் படமாயினும் அதில் எழுத்தறிவும் பெண் விடுதலையும் பேசப்பட்டன. பெண்கள் அடிமைப்பட்டிருக்கும் வரை நாடு விடுதலை பெற்றதாகாது என்ற கருத்தை ஜாம்ஷெட் வாடியா கதையினூடே வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான மக்கள் அரங்கில் அமர்ந்து, கல்வி வேண்டும் என்ற செய்தியைக் கைதட்டலோடு கேட்டார்கள்.

வெள்ளைக்காரியை மக்கள் ஏற்றது எவ்வாறு?

இங்கே ஒரு வினா எழுகின்றது. அது விடுதலைப் போராட்டக் காலம். அன்னிய ஆட்சியை வெறுத்த மக்கள், அன்னிய நிறமுடைய ஒரு பெண்ணை எவ்வாறு தம்மவராக ஏற்றனர்?

இதற்கு விடை நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றது. 1895-இல் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த பென்னி குயிக் அவர்களும் வெள்ளைக்காரரே. ஆயினும் நம் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவர் என்பதால் இன்றும் நம் வீடுகளில் அவர் படம் மாட்டப்பட்டிருக்கின்றது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்திருக்கின்றது. ஒருவர் எந்த நிறத்தவர் என்பதைக் காட்டிலும், யார் பக்கம் நிற்கின்றார் என்பதையே நம் மக்கள் பார்க்கின்றனர். நாடியா திரையில் எப்போதும் ஏழையின் பக்கமும் ஒடுக்கப்பட்டவர் பக்கமும் நின்றார். கொடுங்கோலனை அவர் சாட்டையால் அடித்தபோது, அந்தக் கொடுங்கோலன் யாரைக் குறிக்கின்றான் என்பதை மக்கள் தாமே புரிந்து கொண்டனர்.

தமிழ்த் திரையிலும் இந்த அலை வீசிற்று. 1937-இல் கே. அமர்நாத் இயக்கத்தில் 'மின்னல் கொடி' என்னும் படம் வெளிவந்தது. உறவினரால் வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண் ஆணுடை அணிந்து, செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு வழங்கும் கதை அது. அதில் நாயகியாக நடித்துச் சாகசங்கள் புரிந்தவர் கே. டி. ருக்மிணி. நாடியாவின் பெயர் வழங்கும் அளவுக்கு இவர் பெயர் இன்று வழங்கவில்லை. தமிழ்ப் பெண்களாகிய நாம் இவரையும் மறத்தலாகாது.

மறுபுறம், இத்தகைய படங்களை இழிவாகப் பேசியவர்களும் இருந்தனர். படித்த வகுப்பினர் பலர் சண்டைப் படங்களைப் பாமரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். நாடியாவின் நடிப்புக்குப் பெரிய விருதுகள் எவையும் தேடி வரவில்லை. நான்கணாச் சீட்டு வாங்கிய மக்களின் கைதட்டலே அவருக்கு விருதாக இருந்தது.

பிரிவும் காத்திருப்பும்

1942-இல் வாடியா சகோதரர்கள் பிரிந்தனர். ஹோமி 'பசந்த் பிக்சர்ஸ்' என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினார். நாடியா அவருடன் சென்றார். 1943-இல் வந்த 'ஹண்டர்வாலி கி பேட்டி' (சாட்டைக்காரியின் மகள்) மீண்டும் வெற்றி பெற்று அந்த நிறுவனத்துக்கு அடித்தளமிட்டது.

நாடியாவும் ஹோமியும் ஒருவரையொருவர் விரும்பினர். ஆனால் ஹோமியின் தாயார் இத்திருமணத்துக்கு இசையவில்லை. வேற்றினத்தவர், திரையில் குதித்தோடும் நடிகை, மகனைவிட மூன்று வயது மூத்தவர், முன்பே ஒரு மகனுக்குத் தாய். ஒரு பழமையான குடும்பத்துக்குத் தயக்கம் ஏற்படக் காரணங்கள் பல இருந்தன. ஹோமி தாயின் மனத்தை நோகடிக்க விரும்பவில்லை. நாடியா அதற்காக அவரை விட்டு விலகவும் இல்லை. தாயார் மறைந்த பின்னரே, 1961-இல், இருவரும் மணம் புரிந்து கொண்டனர். அப்போது நாடியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது.

திரையில் ஒரே பாய்ச்சலில் மதிலைத் தாண்டியவர், வாழ்க்கையில் கால் நூற்றாண்டுக் காலம் பொறுத்திருந்தார். பாய்வதற்குத் தேவையான துணிவைவிடப் பொறுப்பதற்குத் தேவையான துணிவு பெரிது என்பதை நாம் இங்கே காண்கின்றோம். எவரையும் பழிக்காமல், எவர் வீட்டையும் உடைக்காமல், தம் உழைப்பில் தாம் நின்று அவர் அந்த ஆண்டுகளைக் கடந்தார்.

மாலைப் பொழுது

வயது ஏற ஏற வாய்ப்புகள் குறைந்தன. 1968-இல் வந்த 'கிலாடி' என்னும் படமே அவர் நடித்த கடைசிப் படம். அப்போது அவருக்கு அறுபது வயது! அதன்பின் அமைதியான இல்வாழ்க்கை. புதிய தலைமுறை அவரை மறந்தது. பழைய படச்சுருள்கள் பல அழிந்தும் போயின.

அவ்வாறு மறக்கப்பட்டிருந்தவரை உலகுக்கு மீண்டும் நினைவூட்டியவர் அவருடைய குடும்பத்து இளைஞர் ஒருவர். ஜாம்ஷெட் வாடியாவின் பேரர் ரியாத் வின்சி வாடியா 1993-இல் நாடியாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அது வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டது. இந்தியாவில் 1930-களிலேயே இப்படி ஒரு பெண் இருந்தாரா என்று பலரும் வியந்தனர். எண்பத்தைந்து வயதில் நாடியா தம் புகழ் திரும்பி வந்ததைக் கண்ணாரக் கண்டார்.

1996 ஜனவரி 9-ஆம் நாள், தம் எண்பத்தெட்டாம் பிறந்த நாளுக்கு மறுநாள், மும்பையில் நாடியா காலமானார். மதுரையிலிருந்து பிரிந்து நம் தேனி மாவட்டம் உருவானதும் அதே 1996-ஆம் ஆண்டில்தான். நம் மாவட்டத்தின் வயதை நினைக்கும் போதெல்லாம் நாடியா மறைந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் நாம் கணக்கிட்டுக் கொள்ளலாம். கணவர் ஹோமி 2004-இல் மறைந்தார். 2018-இல் நாடியாவின் நூற்றுப்பத்தாம் பிறந்த நாளன்று கூகுள் நிறுவனம் அவர் உருவத்தைத் தன் முகப்பில் வரைந்து சிறப்பித்தது.

நமக்கு என்ன பாடம்?

அன்புத் தங்கையரே! நாடியாவின் கதையைக் கேட்டுச் சாட்டை வாங்கப் புறப்பட வேண்டுவதில்லை. திரையில் கொடியவனை அடித்தால் கதை முடிந்து விடும். வாழ்க்கையில் தீமை செய்வோரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கின்றது; துணைக்குப் பெற்றோரும் ஆசிரியரும் இருக்கின்றனர். நாம் அவரிடமிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியவை வேறு.

முதலாவது, உடலைப் பற்றிய அச்சத்தை விடுதல். பருமனாக இருக்கின்றோம், கறுப்பாக இருக்கின்றோம், உயரம் போதவில்லை என்று கண்ணாடி முன் நின்று வருந்தும் பிள்ளைகள் நம்மிடையே பலர். நாடியா கொடியிடையாள் அல்லர். அந்தப் பருமனான உடலையே பயிற்சியால் பலமாக்கினார். உடல் பிறர் பார்ப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஓடவும் தாண்டவும் சுமை தூக்கவும் பிறரைக் காக்கவும் ஏற்பட்டது.

இரண்டாவது, சிறுகச் சிறுகக் கற்றல். குதிரையேற்றம், கடை வேலை, தட்டச்சு, நடனம், சர்க்கஸ் என்று அவர் தொட்ட எதுவும் வீண் போகவில்லை. இன்று எதற்கென்று தெரியாமல் கற்பது நாளை எங்கோ ஓரிடத்தில் கை கொடுக்கும்.

மூன்றாவது, தன்னை மறைக்காதிருத்தல். டோப்பா வேண்டாம் என்று மறுத்த அந்த ஒரு சொல் அவர் வாழ்வையே அமைத்தது. எங்கள் ஊர் இது, எங்கள் வீடு இது, எங்கள் தாய் செய்யும் தொழில் இது என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு நமக்கும் வேண்டும். விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்துடன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளையும் குமுளி மலையையும் கடந்து ஏலத்தோட்டத்துக்குச் சென்று, பொழுது சாய்ந்து வீடு திரும்பும் நம் அன்னையரின் துணிவு எந்தத் திரைப்படச் சாகசத்துக்கும் இளைத்ததன்று. அவர்களுடைய மக்கள் நாம் என்பதில் வெட்கம் எதற்கு?

பெற்றோர்க்கும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். வயது வந்த பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு, விழுந்து கையைக் காலை ஒடித்துக் கொண்டால் நாளை யார் கட்டிக் கொள்வார் என்று கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, பத்தாம் வகுப்பில் திடலின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவள் கால்களில் வலிமை குறையவில்லை. ஓட வேண்டாம் என்ற சொல்தான் அவளை நிறுத்தி விட்டது. விழுந்தால் எழத் தெரிந்த பெண்ணே வாழ்க்கையில் விழும்போதும் எழுவாள். ஏழு வயதில் தந்தையை இழந்த மகளை எல்லைப்புறத்துக் குதிரை மேல் ஏற அனுமதித்த அந்தத் தாய் மார்கரெட்டை இங்கே நன்றியுடன் நினைவு கூர்கின்றோம். அவர் அன்று தடுத்திருந்தால் நாடியா என்ற பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

தங்கையரே, அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் உயரம் தாண்டும் கம்பத்தின் முன்னே நிற்கும் போது, கம்பம் உயர்ந்திருக்கின்றதே என்று மலைத்து நின்று விடாதீர்கள். ஓடி வந்து தாண்டுங்கள். கம்பம் விழுந்தால் எடுத்து வைத்து மீண்டும் தாண்டலாம்.